வட்டக் கீறல்கள்

என் காரின் மேல் ஈ உட்கார முடியாது. உட்காரப் பார்க்கும், வழுக்கி விழுந்துவிடும். ஒருமுறை ஒரு காக்கை பானெட்டில் தன் உருவத்தைக் கண்டு, சம்பந்தி வீட்டுக் காக்கை என்று நினைத்து முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது. ஆம்பூரில் பாதிப் பேர் இதை நம்புவதில்லை. மீதிப் பாதிப் பேருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கறுப்பு நிறக் கார். கறுப்பு மட்டும் வேண்டாம், மூச்சு விட்டால்கூடக் கீறல் தெரியும் என்று என் மகன் ஜோவினிடம் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் வாங்கினான். வாங்கிய ஒன்பதாம் நாள் கனடாவுக்கு விமானம் ஏறினான். அடுத்த டிசம்பரில் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரைக்கும் கீறல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா என்றான். அதன் பிறகு நிறைய டிசம்பர்கள் வந்தன. அவன் வந்தது ஒரே ஒருமுறை, அவன் அம்மாவின் அடக்கத்துக்கு. அந்த நான்கு நாளும் வாடகைக் காரில் போய் வந்தான்.

இந்த வண்டி ஓடியது மொத்தம் நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பெரும்பாலும் ஆம்பூருக்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், பின் சீட்டில் என் மனைவி இன்பத்தைப் படுக்க வைத்துக்கொண்டு. அவள் போன பிறகு வண்டிக்குப் போக இடம் இல்லாமல் போய்விட்டது. போர்டிகோவில் நிற்கிறது. நானும் வீட்டில் நிற்கிறேன். இருவரில் என்னைத்தான் யாரும் துடைப்பதில்லை.

கீறல் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. முப்பத்து நான்கு வருஷம் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷன் இன்ஸ்பெக்டர். மேசையில் விரித்த தோலை ஒரு பார்வை பார்த்தால், அந்த ஆடு எந்த வேலியில் எந்தக் கிழமை உரசியது என்று சொல்வேன். ஆட்டின் பெயரையும் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. 'மோசஸ் சார் ரிஜக்ட்' என்று ஒரு சொல்லே எங்கள் தொழிற்சாலையில் இருந்தது. கப்பலேறப் போன தோலைத் துறைமுகத்திலிருந்து திருப்பி வரவழைத்தவன் நான். கப்பலையே திருப்பினேன் என்றும் சொல்லலாம்; சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் தெருவில் தண்ணீர் வரும் லட்சணத்துக்கு மாதம் ஒருமுறை காரைக் கழுவினால் பெரிய விஷயம். நடுவில் இருபத்தொன்பது நாள் எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் என் மேதைமை இருக்கிறது. தூசி என்றால் பவுடர் இல்லை, பொடிக் கல். அதன்மேல் உலர்ந்த துணியை வைத்து இழுப்பதும், கல்லால் காரில் பெயர் எழுதுவதும் ஒன்றுதான். அதனால் முதலில் தெளிப்பான் பாட்டிலில் தண்ணீரும் ஒரு மூடி கார் ஷாம்பூவும் கலந்து பனி மாதிரி தூவ வேண்டும். தூவிவிட்டு பைபிளில் ஒரு சங்கீதம் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும்; தூசி ஊறி, பிடியை விட்டுவிடும். பிறகு புசுபுசுவென்ற மைக்ரோஃபைபர் துணியை எட்டாக மடித்து, அழுத்தாமல், தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல ஓர் இழுப்பு. உடனே மடிப்பை மாற்ற வேண்டும். கீழே விழுந்த துணி எவ்வளவு நல்ல குடும்பத்துத் துணியானாலும் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். காக்கை எச்சத்தைச் சுரண்டவே கூடாது. ஈரத்துணியை அதன்மேல் அரை மணி நேரம் போட்டு வைத்தால் தானே எழுந்து வரும்.

இதெல்லாம் தூசி இருந்தால். தூசி கண்ணுக்குத் தெரியாத நாளில் தண்ணீரை எதற்கு வீணாக்குவது? அன்றைக்கு இன்பத்தின் பழைய காட்டன் புடவைத் துண்டு. துவைத்துத் துவைத்து வெண்ணெயாகிப் போன துணி. அதை உலர்ந்தபடியே எடுத்து, தோசைக்கல்லில் மாவைச் சுற்றுகிற மாதிரி வட்ட வட்டமாக, பளபளப்புக்காக ஒரு சுற்று. கடைசி இரண்டு வருஷமாக எல்லா நாளும் புடவை நாள்தான். தூசியே தெரியவில்லை. எனக்குப் பயந்து அது குடியாத்தத்துக்கு வீடு மாறிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

இந்தப் பிரசங்கத்தையெல்லாம் ஆயிரம் தடவை கேட்ட ஒரே ஆத்மா ஷபீ அஹமது. எங்கள் தொழிற்சாலையில் பஃபிங் மிஷின் ஓட்டியவர். சுழலும் எமரித் தாளில் தோலைக் கொடுத்து வழுவழுப்பாக்குகிற வேலை. முப்பது வருஷம் அந்த வேலை செய்ததில் தோலெல்லாம் மென்மையாகி, சொரசொரப்பு மொத்தமும் அவர் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவரோடு கை குலுக்கினால் நம் ஆயுள் ரேகை அழிந்துபோகும். இன்னொரு வழக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டது. பஃபிங்கில் தோலைக் கழுத்திலிருந்து வாலுக்கு நேராகத்தான் ஓட்டுவார்கள். அதனால் எதைத் துடைத்தாலும் நேர்க்கோடுதான்: டீ சிந்திய மேசை, மூக்குக்கண்ணாடி, தன் முகம், எல்லாமே மேலிருந்து கீழ்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். தினமும் அஸர் தொழுகை முடிந்து, நாலு முப்பத்தைந்துக்கு என் கேட்டைத் திறப்பார். நான் டிரைவர் சீட்டில் ஏறுவேன். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, காலைத் தட்டிவிட்டு, பக்கத்து சீட்டில் ஏறுவார். ரேடியோவைப் போடுவோம். இன்ஜினைப் போடமாட்டோம். பேட்டரி சாகாமலிருக்க வாரம் ஒருமுறை நான் தனியாக அதை ஓடவிடுவதோடு சரி.

“இன்னைக்கு எங்க சார்?” என்பார்.

நான் ஊரைச் சொல்வேன். வண்டி போர்டிகோவை விட்டு ஓர் அங்குலம் நகராமல் காட்பாடி போயிருக்கிறோம், ஆற்காடு போய் மக்கன் பேடா சாப்பிட்டிருக்கிறோம், ஏலகிரியின் எல்லா வளைவுகளையும் ஏறியிருக்கிறோம். வழி சொல்வது ஷபீயின் வேலை. “சார், ஸ்லோ பண்ணுங்க, மாதனூர் ஸ்பீடு பிரேக்கர்” என்பார். நான் பிரேக்கை மிதிப்பேன். இருவரும் சேர்ந்து ஒருமுறை குலுங்குவோம். ஒரு மே மாதம், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், காஷ்மீர் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு உண்மையிலேயே பல் கிட்டியது.

ஒரே ஒரு நாள் அவர் கேட்டார், ஒருநாள் நிஜமாகவே போய்ப் பார்க்கலாமா என்று. தூசி ஆகிவிடும் பாய் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இந்த வருஷம் எனக்குக் கண்புரை என்று சொன்னார்கள். இரண்டு கண்ணிலும். வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன். என் மச்சினிச்சி ஹெப்சி, ரிட்டயர்டு நர்ஸ், வேலூர் பாகாயத்தில் இருக்கிறாள். நான்கு நாள் அவள் வீட்டில் தங்க வேண்டும். வீட்டுச் சாவியை ஷபீயிடம் கொடுத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், காரைப் பாருங்கள், பார்த்தால் போதும், தொட வேண்டாம் என்றேன்.

நான்காம் நாள் முற்பகல், கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினேன். உலகமே புதிதாக இருந்தது. என் வீட்டுச் சுவர் சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன், மஞ்சள். கேட்டில் துரு. கிரோட்டன்ஸ் செடி எனக்குத் தெரியாமல் சிவப்பாக வளர்ந்திருந்தது. போர்டிகோவின் விளிம்பில் வெயில் சரிந்து பானெட்டின் மேல் விழுந்திருந்தது. பானெட் பக்கத்தில் ஷபீ நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு மெல்லிய ஆட்டுத்தோல் துண்டோடு.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். பானெட் முழுவதும் கீறல். மயிரிழை மயிரிழையாக, ஆயிரக்கணக்கில், சிலந்தி குடும்பத்தோடு வந்து கல்யாணம் நடத்திவிட்டுப் போன மாதிரி. கதவில் கீறல். கூரையில் கீறல். ஏழு வருஷம்.

பஃபிங் ஆள், கையில் தோல். தோலில் ஒட்டிய எமரிப் பொடி. எனக்கு வேறு கணக்கே தோன்றவில்லை. முப்பது வருஷமாக 'நீங்க' என்று பேசிய மனிதரை முதல் தடவையாக 'நீ' என்றேன்.

“எமரியோடவே கெடந்தவன் நீ. உன் கையே எமரிப் பேப்பர்தான். நீ தொட்டா எதுதான் உருப்படும்?”

இதற்கு முன்னும் பின்னும் நிறையச் சொன்னேன். அவை நினைவில் இல்லை. இது இருக்கிறது, ஏனென்றால் இதைச் சொன்னதும் அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோல் துண்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சாவியைப் படியில் வைத்தார்.

“டயத்துக்குக் கண்ணுல மருந்து உட்டுக்கோங்க சார்,” என்றார். போய்விட்டார்.

மறுநாள் நாலு முப்பத்தைந்துக்குக் கேட் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. வராவிட்டால் போகட்டும், எனக்கு நூறு தோஸ்துகள் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நூறு பேரை நினைவில் எண்ணிப் பார்த்ததில் தொண்ணூற்றொன்பது பேர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

கண் மருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை. அதை ஷபீதான் விடுவதாகப் பேச்சு. நானே அண்ணாந்து பார்த்து விட்டுக்கொண்டதில் முதல் சொட்டு காதுக்குப் போனது, இரண்டாவது தலையணைக்கு. மூன்றாவது கண்ணில் விழும். ஒரு வாரத்தில் உலகத்திலேயே தெளிவாகப் பார்க்கக்கூடிய காது எனக்குத்தான் இருந்திருக்கும்.

ஜோவின் வீடியோவில் கூப்பிட்டபோது போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கீறல்களைக் காட்டினேன். அவனுக்குத் தெரியவில்லை. வெயிலில் சாய்த்துக் காட்டினேன். அப்போதும் தெரியவில்லை.

“அத வித்துடுங்கப்பா,” என்றான். “யாரு ஓட்டப் போறா, சும்மா பேஜாரு.”

அங்கே பனி கொட்டுவதாகவும் பிறகு பேசுவதாகவும் சொல்லி வைத்துவிட்டான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்றேன். யாருக்காக இதை ஏழு வருஷம் தடவிக்கொண்டிருந்தேனோ அவனுக்கு இது நினைவில்கூட இல்லை. இதில் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியவர் ஒருவர்தான்.

அன்று மாலை தனியாக ஏறி உட்கார்ந்தேன். ரேடியோவைப் போட்டுக்கொண்டு காட்பாடி கிளம்பினேன். மாதனூரைத் தாண்ட முடியவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. அடுத்தடுத்த நாளும் முயற்சி செய்தேன். ரேடியோவில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருட்டும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு இறங்குவேன்.

இப்படியே பத்தொன்பது நாள். இருபதாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஷபீ அஹமதுவின் மேல் முறையாக ஒரு ரிப்போர்ட் தயாரிப்பது. தொழிற்சாலையில் செய்த மாதிரி: எந்த இடம், என்ன நீளம், எந்தத் திசை. அதை நேரில் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே வாசித்துக் காட்டுவது. பார்க்கப் போவதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்கவில்லை.

பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, மாலை வெயில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து, தோலைப் பார்ப்பது போலத் தலையைச் சரித்துப் பானெட்டைப் பார்த்தேன். முதல் கீறலைக் குறித்தேன்: வட்டம். இரண்டாவது: வட்டம். கதவு: வட்டம். கூரை: வட்டம். தோசை தோசையாக, ஒன்றன்மேல் ஒன்று, என் முழங்கை சுற்றுகிற அளவுக்கு. முழு வண்டியையும் இரண்டு முறை சுற்றி வந்தேன். நேர்க்கோடு ஒன்றுகூட இல்லை.

ஷபீ வாழ்நாளில் எதையும் வட்டமாகத் துடைத்ததில்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு நான் வண்டியைத் துடைக்கவே இல்லை. விரலை வைத்து இழுத்தேன். தடம் பளிச்சென்று தெரிந்தது. இரு பக்கமும் மாவு மாதிரி தூசி. பழைய கண்ணாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். உள்ளே போய் இன்பத்தின் புடவைத் துண்டைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தேன். நெசவு முழுக்கப் பொடிக்கல் மின்னியது. தூசி எங்கேயும் வீடு மாறவில்லை. இரண்டு வருஷமாக அதன்மேல்தான், உலர்ந்த துணியால், தினமும் காலையில், அவ்வளவு ஆசையாக அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டின் மேலே ஷபீ அஹமது என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பென்சில் முனை உடைந்தது.

காரிலேயே போவது என்று தீர்மானித்தேன். சாவியைத் திருப்பினேன். டிக் டிக் என்றது, அவ்வளவுதான். இன்ஜினை ஒருமுறைகூட ஓடவிடாமல், இருட்டும்வரை ஊராருக்கெல்லாம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி பேட்டரி செத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடந்தேன். தண்டவாளம் தாண்டி ஒரு கிலோமீட்டர். என் கால் அதைச் சென்னை என்று அறிவித்தது.

கதவைத் திறந்தது ஷபீயின் மருமகள் ரஃபத் ஜஹான். மாமா மாடியில் இருக்கிறார் என்றாள். படியேறப் போனவனை நிறுத்திக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: மாமா தினமும் நாலரைக்கு எழுந்து சட்டை போட்டுக்கொள்கிறார், கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்.

மாடி அறையில் சட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். வாசிக்கவில்லை, மடித்தபடி வைத்துக்கொண்டார்.

“எல்லாம் வட்டமா இருக்கு பாய்,” என்றேன்.

“தெரியும் சார்.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு வருசமா.”

“ரெண்டு வருசமாத் தெரிஞ்சும் இன்னாத்துக்குச் சொல்லல?”

“டெய்லி காலையில எவ்ளோ குஷியா தொடைப்பீங்கன்னு நீங்களே சொல்வீங்க. நான் போய் அத ரிஜக்ட் பண்றதா?”

அந்தத் தோல் துண்டு என்னவென்று கேட்டேன். பானெட்டில் காக்கை எச்சம் விழுந்திருந்ததாம். நான் சொல்லிக்கொடுத்தபடியே, துண்டை நனைத்து அதன்மேல் அரை மணி நேரம் போட்டு வைத்து, அப்போதுதான் எடுத்தாராம். தேய்க்கவே இல்லையாம். சம்பந்தி வீட்டுக் காக்கையாகத்தான் இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே பாய்.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க கையச் சொல்லிட்டீங்க.”

அது தப்பு, பெரிய தப்பு என்று மட்டும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. அவர் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, மணி என்ன என்று கேட்டார். ஐந்தே கால் என்றேன்.

“அப்ப தூரமால்லாம் போவ முடியாது,” என்றார்.

திரும்பி நடக்கும்போது பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். எங்கள் தெரு கேட்டிலிருந்து மெயின் ரோடு பக்கமாகச் சரிவு. வண்டியைக் கேட் தாண்டி நகர்த்திவிட்டால் போதும், உருளும்; இரண்டாம் கியரில் பிடித்துவிடும். ஒரு மாதம் எதையும் தள்ளக்கூடாது, தூக்கக்கூடாது என்று எனக்கு டாக்டர் உத்தரவு. அதனால் நான் ஸ்டியரிங்கில், ஷபீ பின்னால்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் டிக்கிக்குப் பின்னால் நின்றார். கைகளை வைக்கப் போனார். வைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். புதுக் கண் என்பதால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, துண்டின் ஓரத்து நூல் பிரிந்திருந்தது வரைக்கும்.

தலையை வெளியே நீட்டினேன்.

“துண்ட எடுங்க பாய்.”

“வேணாம் சார், கீறிக்கும்.”

“கீறட்டும். கைய வைங்க.”

அவர் துண்டைப் பிரித்துத் தோளில் போட்டார். தூசி படிந்த டிக்கியின் மேல், அந்தச் சொரசொர உள்ளங்கைகள் இரண்டையும் விரித்து வைத்தார். வண்டி அசைந்தது. கேட்டைத் தாண்டியது. சரிவில் உருண்டது. கிளட்சை விட்டேன், ஒரு தும்மல், இரண்டு தும்மல், பிடித்துக்கொண்டது. அவர் ஓடிவந்து ஏறினார். செருப்பைக் கழற்ற நேரமில்லை.

“எங்க சார்?” என்றார், மூச்சு வாங்க.

“மாதனூர் வரைக்கும்.”

தோல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது கிளப்பிய தூசியில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை போடலாம். அவர் கண்ணாடியை ஏற்றினார். நான் இறக்கச் சொன்னேன். ரேடியோவைப் போடவில்லை. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம். நாங்கள் எத்தனையோ தடவை போன ரோடு. ஆனால் புளியமரங்கள் பாதியைக் காணோம், தெரியாத ஷோரூம்கள், தெரியாத வளைவு. மாதனூர் நெருங்கும்போது ஷபீ பழக்கத்தில் கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

“சார், ஸ்பீடு பிரேக்கர எடுத்துட்டாங்க.”

“எப்ப எடுத்தாங்க?”

“தெரியலியே சார்.”

ரோடு வழவழவென்று நேராகக் கிடந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். இருவரும் ஒருமுறை குலுங்கிவிட்டு, மெதுவாக அதைத் தாண்டினோம்.